மெதுவாக ஓடும் ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சினின் அதிர்வைக் குறைக்கும் முறை

கிணற்று மேட்டிலும் மாவு மில்லிலும் எண்ணெய்ச் செக்கிலும் நிமிடத்துக்கு 650 சுற்று என்ற நிதானத்தில் ஓடும் ஆயில் எஞ்சின்கள் பெரும்பாலும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் இயங்கிய லிஸ்டர் நிறுவனம் சி.எஸ். என்ற பெயரில் வெளியிட்ட செங்குத்து டீசல் எஞ்சினே அவற்றின் மூலம். ராஜ்கோட் பட்டறைகள் பல பத்தாண்டுகளாக அதே அமைப்பில் வார்த்து நாடெங்கும் அனுப்பி வந்திருக்கின்றன. 6 குதிரைத்திறன், 4.5 அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 5.5 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்), பக்கத்துக்கு ஒன்றாக இரு பெரிய பிளைவீல் (கனச் சக்கரம்) என்ற அந்த அமைப்பையே இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மற்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களுக்கும் முறை இதுவே. எண்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு செய்தியை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் அதிர்வை முழுவதும் ஒழிக்க முடியாது. அதைச் சுருக்கலாம், தாங்கக்கூடிய திசைக்குத் திருப்பலாம், கனமான ஒன்றின் தலையில் சுமத்தி அடக்கலாம். இந்த மூன்றையும் உரிய வரிசையில் செய்தால், குதித்துக்கொண்டிருந்த எஞ்சின் அமைதியாக உட்கார்ந்து ஓடும். வரிசையை மாற்றி, எடுத்த எடுப்பில் காலடியில் ரப்பரைச் செருகுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அது ஏன் தவறு என்பதைக் கணக்கோடு பின்னர் சொல்கிறேன்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது

பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதை நிறுத்தி எதிர்த்திசையில் தள்ளும் விசை எஞ்சின் உடலின் மீது எதிர்விசையாக விழுகிறது. 650 சுற்றில், ஸ்ட்ரோக்கில் பாதியான 70 மில்லிமீட்டர் கிராங்க் ஆரத்தில், அந்த விசை எவ்வளவு என்று கணக்கிட்டால் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 33 கிலோ இழுப்பு வருகிறது. பிஸ்டன், பின், ரிங்குகள், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேற்பகுதி எல்லாம் சேர்ந்து 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், 130 கிலோவுக்கு மேற்பட்ட விசை நொடிக்கு 10.8 முறை எஞ்சினை மேலே தூக்கிக் கீழே அழுத்துகிறது. சுற்றின் வர்க்கத்துக்கேற்ப இவ்விசை ஏறும். 650-இல் ஓட வேண்டியதை 750-இல் ஓட்டினால் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகையால் டேக்கோமீட்டர் வைத்துச் சுற்றைச் சரிபார்ப்பதே முதல் மருந்து. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை இறுக்கி யாரோ எப்போதோ ஏற்றி வைத்த வேகத்தைக் குறைத்த உடனேயே பாதிப் புகார் தீர்ந்துவிடுவதுண்டு.

இதனுடன் இன்னும் இரண்டு அசைவுகள் சேர்கின்றன. கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து நிமிர்வதால், முதல் விசையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்களவு விசை நொடிக்கு 21.7 முறை எழுகிறது. இதைப் பிளைவீலில் எடை வைத்துத் தணிக்க வழியில்லை. அடுத்து, நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு 5.4 முறை, டீசல் வெடிக்கும்போது கிராங்க் ஒரு பக்கம் முறுக்கப்பட, எஞ்சின் உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கிறது. 5.4, 10.8, 21.7 என்ற இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் அளந்து பாருங்கள்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். அதிர்வு பெருமளவு அடங்கிவிட்டால் குற்றம் எஞ்சினில் இல்லை. புல்லி கோணலாக இருக்கலாம், பம்பின் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், பட்டை பெல்ட்டின் இணைப்பு தடித்து ஒவ்வொரு சுற்றிலும் புல்லி மேல் ஏறி இடிக்கலாம். அடங்கவில்லையென்றால், ஓடும் எஞ்சினின் டீசலை அடைத்துவிட்டு, அது தானாக ஓய்ந்து நிற்கும்வரை கூர்ந்து கவனியுங்கள். சுற்று குறையக் குறைய அதிர்வும் ஒரே சீராகக் குறைந்தால் சமநிலைக் குறை. ஏதோ ஒரு வேகத்தைக் கடக்கும்போது மட்டும் எஞ்சின் திடீரென்று துள்ளி, பிறகு அடங்கினால், இருக்கை தளர்ந்திருக்கிறது அல்லது மெத்தென்று இருக்கிறது என்று பொருள்.

கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமான எளிய வழி ஒன்று உண்டு. தபால் அட்டையளவு வெள்ளை அட்டை ஒன்றை எஞ்சினின் தண்ணீர்ப் பக்கத்து உடலில், பிளைவீலின் தளத்துக்கு இணையாக, பசையால் ஒட்டுங்கள். தரையில் ஊன்றிய தனி இரும்புத் தாங்கியில் கூர்மையான பென்சிலை, அதன் முனை அட்டையை மெல்லத் தொடும்படி, ஸ்பிரிங் வைத்துப் பொருத்துங்கள். தாங்கி எஞ்சின் அஸ்திவாரத்தின் மேல் நிற்கக் கூடாது; விலகிய தரையில் நிற்க வேண்டும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பென்சிலை ஓரிரு நொடி மட்டும் தொட விட்டால் அட்டையில் ஒரு நீள்வட்டம் விழும். அது நின்ற வாக்கில் நீண்டிருந்தால் மேல்கீழ் அதிர்வு மிகுதி. படுத்த வாக்கில் நீண்டிருந்தால் பக்கவாட்டு அதிர்வு மிகுதி. ஒரே கோட்டில் நில்லாமல் எட்டுப் போலப் பின்னிக்கொண்டால் இரட்டை வேக அதிர்வோ தளர்ந்த காலோ கலந்திருக்கிறது. அட்டையில் தேதியையும் சுற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிச் செய்யப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் ஓர் அட்டை எடுத்தால், எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதில் ஊகத்துக்கு இடமிராது. கைப்பேசியிலுள்ள அதிர்வுமானிச் செயலியும் உதவும்; ஆனால் எந்தத் திசை என்பதை அட்டைதான் பார்த்த உடனே சொல்லும்.

இருக்கையும் அஸ்திவாரமும்

எஞ்சினின் நாலு காலும் அடித்தளத்தில் ஒரே சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். போல்ட்டுகளை எல்லாம் இறுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது அந்தக் காலடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று சோதிக்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே அந்தக் கால் தொங்குகால். போல்ட்டை இறுக்கி அதைக் கீழே இழுத்தால் கால் அடங்கியதுபோல் தோன்றும். உண்மையில் கிராங்க் கேஸ் முறுக்கப்பட்டு, பேரிங் ஒரு பக்கம் அழுந்தி, சில வாரங்களில் நட்டும் கழன்றுவிடும். அளவாக வெட்டிய பித்தளை அல்லது எஃகு ஷிம் (மெல்லிய நிரப்புத் தகடு) வைத்து இடைவெளியை நிரப்பிய பிறகே இறுக்க வேண்டும். தகர டப்பாவை வெட்டி மடித்து வைப்பது கூடாது. மடிப்பு ஸ்பிரிங்போல் நடந்துகொள்ளும்.

தளம் சரியாக இருந்தும் எஞ்சின் ஆடினால், அஸ்திவாரத்தின் எடை போதவில்லை என்று கொள்ளலாம். இங்கே கணக்கு மிகவும் எளியது. தடையின்றி நிற்கும் ஒரு பொருள் எவ்வளவு அசையும் என்பது, மேல்கீழ் போகும் எடையை கிராங்க் ஆரத்தால் பெருக்கி, ஆடும் மொத்த எடையால் வகுத்தால் கிடைக்கும். 350 கிலோ எஞ்சின் இரும்புச் சட்டத்தின் மேல் மட்டும் நின்றால், 4 கிலோவை 70-ஆல் பெருக்கி 350-ஆல் வகுக்க, நடுநிலையிலிருந்து 0.8 மில்லிமீட்டர் அசைவு. அதே எஞ்சினை 1.2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழமுள்ள கான்கிரீட் கட்டையோடு இறுக்கினால், கட்டை மட்டும் ஏறத்தாழ 1,550 கிலோ, மொத்த எடை 1,900 கிலோ, அசைவு 0.15 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். அடியிலுள்ள மண் கெட்டியாக இருந்தால் இன்னும் குறையும். எஞ்சினின் எடையைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு கட்டை என்ற நெடுநாள் வழக்கத்துக்கு இதுவே காரணம்.

கட்டை போடும்போது சில நுணுக்கங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. குழியின் அடி, தோண்டிக் கலைந்த மண்ணாக இல்லாமல் கலையாத கெட்டி மண்ணாக இருக்க வேண்டும். கரிசல் மண்ணில் கோடையில் வெடிப்பு விட்டுக் கட்டையின் பிடி தளரும். ஆகையால் அங்கே கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் மண்ணையோ மணலையோ அடுக்கடுக்காக நனைத்துத் திமுசு போட்டு இறுக்கிய பிறகே கான்கிரீட்டை ஊற்ற வேண்டும். கலவை 1:1.5:3 போதும், ஆனால் கட்டை முழுவதையும் இடைவிடாமல் ஒரே வார்ப்பாக ஊற்ற வேண்டும். இன்று பாதி, நாளை பாதி என்று ஊற்றினால் நடுவே விழும் ஒட்டு அங்கேயே பிளக்கும். கொட்டகைத் தளத்தோடும் சுவரோடும் கட்டை ஒட்டக் கூடாது; சுற்றிலும் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு மணலால் நிரப்புங்கள். கிணற்றின் விளிம்பை ஒட்டிக் கட்டை போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்கும் அதிர்வு, சாந்து உதிர்ந்த கற்கட்டைத் தளர்த்திவிடும்; சக்ஷன் குழாய் சற்று நீண்டாலும் பரவாயில்லை, கட்டையைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

போல்ட்டுகள் கட்டைக்குள் நன்றாக ஆழ இறங்கியிருக்க வேண்டும். 16 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 400 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம், அடியில் தடித்த சதுரத் தகடு, மேற்பாதியைச் சுற்றிப் பி.வி.சி. குழாய் உறை. அந்த உறை இருந்தால்தான் போல்ட் சிறிது நீண்டு கொடுத்து இறுக்கத்தைப் பிடித்துவைக்கும். துளை இடம் பிசகினாலும் சற்று வளைத்துக்கொள்ளலாம். கட்டை இறுகிய பிறகு எஞ்சினை ஷிம் மீது நிறுத்தி, இரு திசையிலும் ரசமட்டம் பார்த்து, காலடி இடைவெளியில் சுருங்காத கிரவுட்டை ஊற்றுங்கள். வெறும் சிமென்டுச் சாந்து காயும்போது சுருங்கிக் கால்களைத் தொங்கவிட்டுவிடும். கான்கிரீட்டுக்கு 28 நாள் நீராற்றிய பிறகே சுமையோடு ஓட்டுவது முறை. அவசரப்பட்டு முதல் வாரமே ஓட்டினால் போல்ட்டைச் சுற்றி உள்ளுக்குள் நொறுங்கிவிடும்.

ரப்பர் எப்போது கூடாது

பழைய டயரை வெட்டியோ, கடையில் விற்கும் ரப்பர் பேடை வாங்கியோ எஞ்சினின் காலடியில் வைப்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைக்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எந்தப் பொருளுக்கும் தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. தன் எடையால் அந்த ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ, 250-ஐ அந்த எண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது வந்துவிடும். எஞ்சினின் எடையில் 2 மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பருக்கு இந்த எண் ஏறத்தாழ 11. எஞ்சினோ நொடிக்கு 10.8 முறை உதைக்கிறது. இரண்டும் ஒன்றிப்போவதால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, கான்கிரீட்டில் நேராக இறுக்கியிருந்தால் அடங்கியிருக்கக்கூடிய எஞ்சின் ரப்பரின் மேல் பல மடங்கு குதிக்கும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளும்போது சிறு தள்ளலே பெரிய வீச்சாவதைப்போல இது.

உண்மையிலேயே அதிர்வைத் தரைக்குப் போகாமல் பிரிக்க வேண்டுமானால், அந்த ஆட்ட வேகம் மூன்று எண்களில் மிகச் சிறியதான 5.4-ஐயும் கடந்து நன்றாகக் கீழே போக வேண்டும். அதற்கு எஞ்சினின் எடையில் குறைந்தது 17 மில்லிமீட்டரும், நல்ல பலன் கிடைக்க 30 மில்லிமீட்டருக்கு மேலும் அமுங்கக்கூடிய சுருள் ஸ்பிரிங்குகள் தேவை. அப்படி ஸ்பிரிங்கின் மேல் எஞ்சினை மட்டும் வைத்தால், முன்னர் கணக்கிட்ட 0.8 மில்லிமீட்டர் அசைவு அப்படியே இருக்கும். தொடங்கும்போதும் நிற்கும்போதும் இன்னும் பெரிதாக ஆடும். எனவே கான்கிரீட் கட்டையும் எஞ்சினும் சேர்ந்து ஸ்பிரிங்கின் மேல் மிதக்க வேண்டும். டீசல் குழாய், புகைக் குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுக்கும் இணைப்பு வேண்டும். பெல்ட் ஓட்டத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. மாடிக் கட்டடத்திலோ குடியிருப்பின் சுவரை ஒட்டியோ ஜெனரேட்டர் நிறுத்தும் தேவை இருந்தால் ஒழிய, இந்தச் செலவில் இறங்க வேண்டாம். வயல்வெளிக் கொட்டகைக்குக் கனமான கட்டையும் இறுக்கமான போல்ட்டுமே உரியவை.

பிளைவீலும் சாவியும்

சமநிலை வேலைக்குப் போகும் முன், பிளைவீல் ஷாஃப்ட்டில் உறுதியாக இருக்கிறதா என்பதை உறுதி செய்தாக வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது. டீசலை அடைத்து, எஞ்சின் முற்றிலும் நின்ற பிறகு, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்து, பிளைவீலின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் வெடுக்கென்று அசையுங்கள். கிராங்கோடு சேராமல் நூலளவு அசைந்தாலும், சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டும் ஆப்பான தலையுள்ள சாவி தளர்ந்துவிட்டது. சாவியின் ஓரத்தில் துருக்கலந்த செம்பழுப்புப் பொடி கசிந்திருந்தால் அதுவும் அதே நோயின் அறிகுறி. தளர்ந்த சாவியைச் சுத்தியால் ஓங்கி அடித்து இறுக்குவது தீர்வாகாது. சாவியைக் கழற்றி, தொடும் இடம் தெரிய நீலம் பூசிப் பொருத்திப் பார்த்து, மேல்கீழ் இரு முகமும் முழு நீளத்துக்குத் தொடும்படி அரம் போட்டு, தேய்ந்திருந்தால் புதிதாகச் செய்து ஏற்ற வேண்டும். சாவி இறங்கும் ஹப் பகுதியிலும் ஆரக்கால்களின் வேரிலும் வெடிப்பு உண்டா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் கோடாக ஊறும். அப்படிப்பட்ட சக்கரத்தை வெல்டிங் வைத்துத் திரும்ப ஓட்டக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

அதன் பிறகு விளிம்பின் அருகே ஒரு கம்பியை நிலையாக நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் கோட்டம் பாருங்கள். பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் அலைந்தால், சாவியை மிகையாக அடித்ததில் சக்கரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும்.

எதிர் எடையைச் சரிசெய்தல்

இந்த வம்சத்து எஞ்சின்களில், கனெக்டிங் ராடின் பெரிய முனையைத் தாங்கும் கிராங்க்பின்னுக்கு எதிர்ப்பக்கமாகப் பிளைவீலின் விளிம்பிலேயே எதிர் எடை வார்க்கப்பட்டிருக்கும். வார்ப்பில் மணல் குழி விழுந்தாலோ, சாவிக்குழி சிறிது தள்ளி வெட்டப்பட்டாலோ, பிஸ்டனை வேறு எடையுள்ளதாக மாற்றினாலோ இச்சமநிலை கெடும். இரு சக்கரங்களும் வேறு வேறு எஞ்சினிலிருந்து வந்தவையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சுழலும் எடை முழுவதையும் எதிர் எடையால் ஈடுகட்டிவிடலாம். மேல்கீழ் போகும் எடையை அப்படி முழுதும் ஈடுகட்டினால், மேல்கீழ் அதிர்வு மறைந்து அதே அளவு பக்கவாட்டு அதிர்வாகப் பிறக்கும். ஏனெனில் எதிர் எடை சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிஸ்டனோ நேர்கோட்டில் போகிறது. எனவே ஒரு பங்கை மட்டும் ஈடுகட்டுவதே நடைமுறை. பாதியில் தொடங்குவது பாதுகாப்பானது. அப்போது எஞ்சியிருக்கும் விசை முன்னிருந்ததில் பாதியாகி, எல்லாத் திசையிலும் சமமாகச் சுழலும்.

வேலை இப்படிப் போகும். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி, பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் வெளியே எடுங்கள். புஷ் ராடுகளையும் டீசல் பம்பையும் கூடக் கழற்றிவிட்டால் கேம் ஷாஃப்ட்டின் தடை குறையும். ராடைக் கிடைமட்டமாகப் பிடித்து, சிறிய முனையை ஒரு கத்திமுனைத் தாங்கியில் வைத்துப் பெரிய முனையைத் தராசில் நிறுத்துங்கள். பிறகு மாற்றி நிறுத்துங்கள். இரண்டையும் கூட்டினால் ராடின் முழு எடை வர வேண்டும். வராவிட்டால் ராட் கிடைமட்டமாக இல்லை. பெரிய முனையின் எடை சுழலும் எடை. சிறிய முனையோடு பிஸ்டன், பின், ரிங்குகள் சேர்ந்தது மேல்கீழ் போகும் எடை. எடுத்துக்காட்டாகப் பெரிய முனை 2.6 கிலோவும் மேல்கீழ் எடை 4 கிலோவும் என்றால், 2.6-உடன் 4-இல் பாதியைச் சேர்த்து 4.6 கிலோ கிராங்க்பின்னில் ஏற்ற வேண்டும்.

இதற்கு லேத் பட்டறையில் ஈயத்தால் இரண்டு பாதியாக ஒரு வளையம் வார்த்துக்கொள்வது சிறந்தது. 4.6 கிலோ ஈயம் ஏறத்தாழ 400 கன சென்டிமீட்டர்தான். ஆகையால் கிராங்கின் இரு கன்னங்களுக்கு நடுவே பின்னைச் சுற்றி அடங்கிவிடும். ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்குங்கள். அச்சில் துளி ஈரமும் இருக்கக் கூடாது. பின்னைக் கீறாமல் இருக்க உள்ளே தோல் பட்டை கொடுத்து, போல்ட் போட்டு இறுக்குங்கள்.

இப்போது கிராங்க்பின்னைப் பக்கவாட்டில், சிலிண்டர் அச்சுக்குச் செங்குத்தாக, நிறுத்திக் கையை எடுங்கள். பின் கீழே இறங்கினால் எதிர் எடை போதவில்லை. மேலே ஏறினால் எதிர் எடை மிகுதி. குறைவாக இருந்தால், பின்னுக்கு நேர் எதிரே விளிம்பின் உட்பக்கத்தில் காந்தங்களையோ பிசைந்த களிமண்ணையோ ஒட்டிக்கொண்டே வந்து, சக்கரம் விட்ட இடத்தில் நிற்கும்வரை கூட்டுங்கள். பேரிங்கின் உராய்வு ஏமாற்றும் என்பதால் ஒரு சிறு கவனம் தேவை. எந்த எடையில் சக்கரம் ஒரு பக்கம் மெல்ல நகரத் தொடங்குகிறதோ அதையும், எந்த எடையில் மறுபக்கம் நகரத் தொடங்குகிறதோ அதையும் குறித்து, இரண்டுக்கும் நடுவான எடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் மரச்சுத்தியால் பெட்டியை இலேசாகத் தட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கும் பேரிங் விடும். பிறகு பின் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போதும் சோதியுங்கள். அங்கே சக்கரம் நிலைகொள்ளாமல் ஏதோ ஒரு பக்கமாகவே சாய்ந்தால், எதிர் எடை நேர் எதிரே இல்லாமல் கோணம் தள்ளி இருக்கிறது. சேர்க்கும் எடையை அந்தக் கோணத்துக்கு ஈடாக நகர்த்தி வைக்க வேண்டும்.

கிராங்க்பின்னில் 1 கிலோ குறை என்றால் விளிம்பில் 1 கிலோ தேவையில்லை. பின் 70 மில்லிமீட்டர் ஆரத்திலும் விளிம்பு எடை 280 மில்லிமீட்டர் ஆரத்திலும் இருந்தால் கால் கிலோவே போதும். அதையும் இரு சக்கரத்துக்கும் 125 கிராம் வீதம் பிரித்து வைக்க வேண்டும். ஒரே சக்கரத்தில் முழுவதையும் வைத்தால் நிலைச் சமன் சரியாகத் தோன்றினாலும், ஓடும்போது எஞ்சின் ஷாஃப்ட்டின் நீளவாக்கில் தலையாட்டும். சந்தேகமிருந்தால் சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நேரான இரு தண்டவாளப் பட்டங்களின் மேல் உருட்டி, இரண்டின் கனப்பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதானா என்று பார்த்துவிடுங்கள்.

காந்தமும் களிமண்ணும் சோதனைக்கு மட்டுமே. அவற்றோடு எஞ்சினை ஒருபோதும் கிளப்பக் கூடாது. 125 கிராம் துண்டு ஒன்று 650 சுற்றில் 16 கிலோ விசையோடு வெளியே பாயப் பார்க்கும். நிலையான எடையாக, விளிம்பின் வளைவுக்கேற்பத் தேய்த்த எஃகுத் துண்டுகளை ஆரக்காலின் இரு பக்கமும் வைத்து, ஆரக்காலைத் தொடாமல் அதன் பக்கவாட்டாகச் செல்லும் இரு போல்ட்டுகளால் இறுக்குங்கள். துண்டுகள் விளிம்பின் உட்புறத்தில் முட்டி நிற்க வேண்டும். அப்போது சுழலும் விசையை விளிம்பே தாங்கும், போல்ட் வெறும் பிடிமானமாக மட்டும் இருக்கும். லாக் நட் கட்டாயம். வார்ப்பிரும்பு விளிம்பில் துளையிடுவதையும் வெல்டிங் வைப்பதையும் தவிருங்கள். எதிர் எடை மிகையாக இருந்தால், கனத்தைத் துளைத்துக் குறைப்பதைவிடக் கிராங்க்பின் பக்கத்தில் அதே முறையில் எடை சேர்ப்பது பாதுகாப்பானது. 600 மில்லிமீட்டர் சக்கரத்தின் விளிம்பு 650 சுற்றில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. வார்ப்பிரும்புச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டரே வழக்கமான எல்லை. 1,000 சுற்றுக்கு ஏற்றினால் அந்த எல்லை கடந்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினைப் பூட்டி ஓட்டிப் புதிய அட்டை எடுங்கள். நீள்வட்டம் படுத்த வாக்கில் நீண்டிருந்தால் எதிர் எடையைச் சிறிது குறைக்க வேண்டும். நின்ற வாக்கில் நீண்டு, கொட்டகைத் தரையும் உணரும்படி இருந்தால் சிறிது கூட்ட வேண்டும். கான்கிரீட் கட்டையின் மேல் நிற்கும் செங்குத்து எஞ்சினுக்கு, பக்கவாட்டு அதிர்வு குறைந்து மேல்கீழ் அதிர்வு சற்று மிகுந்திருப்பதையே நான் விரும்புவேன். மேல்கீழ் விசையை மண் நேராகத் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டு விசை தரைக்கு மேலே கிராங்க் உயரத்தில் விழுவதால் கட்டையையே ஆட்டிப் பார்க்கும். பழைய ரைஸ் மில்களில் இருந்ததைப் போன்ற படுக்கை எஞ்சினுக்கு இது தலைகீழ்: அங்கே சிலிண்டர் தரைக்கு இணையாக இருப்பதால், பாதிக்குச் சற்று மேல் ஈடுகட்டி, கட்டையைச் சிலிண்டரின் திசையில் நீளமாகப் போட வேண்டும்.

எஞ்சிய சில வேலைகள்

டீசலைத் தெளிக்கும் நாசிலின் தெளிப்பு கெட்டு, ஒரு வெடிப்பு பலமாகவும் அடுத்தது பலவீனமாகவும் விழுந்தால் 5.4 என்ற அந்த ஆட்டம் பெருகும். நாசிலைப் பம்பில் சோதித்து, கவர்னர் கம்பிகளின் இணைப்புகளில் தேய்மானம் நீக்கி, எஞ்சின் வேகம் ஏறி இறங்கி அலையாமல் இருக்கச் செய்ய வேண்டும். டீசல் முன்கூட்டியே தெளிக்கப்பட்டாலும் ஓங்கித் தட்டும் வெடிப்பு வரும். தயாரிப்பாளர் குறித்த டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் பேரிங்கின் நீளவாக்கு அசைவையும் ஷிம் கொண்டு சரிசெய்ய வேண்டும்.

புகைக் குழாயைக் கூரையில் விறைப்பாகக் கட்டினால் கூரையும் சேர்ந்து ஆடும், குழாயும் ஃப்ளாஞ்சில் வெடிக்கும். எஞ்சினுக்கு அருகே வளையும் துண்டு ஒன்று கொடுத்து, அதற்கப்பால் தாங்கி வையுங்கள். டீசல் குழாயில் ஒரு சுருள் வளைவு விட்டால் நிப்பிளில் விரிசல் வராது. பம்பின் சக்ஷன் குழாய் இணைப்பு அதிர்வில் தளர்ந்து காற்று இழுத்தால், தண்ணீர் விட்டுவிட்டு வரும், சுமை மாறி மாறி விழும், அதுவே எஞ்சினை மேலும் உலுக்கும். ஆகையால் ஃபுட் வால்வு வரை இணைப்புகளைச் சரிபாருங்கள். பெல்ட்டைத் தேவைக்கு மேல் இழுத்துக் கட்ட வேண்டாம். இணைப்பு தடிக்காத, முடிவில்லாப் பெல்ட் கிடைத்தால் அதுவே நல்லது.

எல்லாம் முடிந்த பிறகு, முதல் 10 மணி நேரம் ஓடியதும் அஸ்திவார நட்டுகளையும் எதிர் எடை போல்ட்டுகளையும் பிளைவீல் சாவிகளையும் எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். 50 மணி நேரத்தில் இன்னொரு முறை. அதற்குப் பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் ஓர் அட்டை எடுத்து, முந்தையதன் மேல் வைத்துப் பாருங்கள். நீள்வட்டம் பெருத்திருந்தால் முதலில் நட்டுகளையும், அடுத்துக் காலடி ஷிம்களையும், அதன் பின் சாவிகளையும் பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே எதிர் எடையில் கை வையுங்கள்.